டிப்போவில் எடுத்த பாலம்

ஆகஸ்ட் 19, திங்கள்

ராக்கம்மா புது நோட்டு ஒன்றை மேசையில் போட்டுவிட்டு, "மச்சான், நாள் தவறாம எழுதி வையுங்க. நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல எவனாவது கேட்டா காட்டணும்" என்று சொல்லிப் போனாள். அவள் எங்கள் ஊராட்சித் தலைவி. என் மனைவி ஒச்சம்மாளுக்குச் சித்தப்பா மகள். இரண்டு வகையிலும் அவள் பேச்சைத் தட்ட எனக்கு வழியில்லை. எழுதுகிறேன்.

நான் சடையாண்டி, ஹவில்தார், ஓய்வு. ராணுவத்தில் பாலம் கட்டுகிற கம்பெனி ஒன்றில் பதினேழு வருடம். ஊர் மேட்டுக்காடு, நூற்றுப் பத்து வீடு. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் மூங்கிலாறு. இப்போது முழங்கால் தண்ணீர், கல்லுக்குக் கல் தாவினால் ரோடு. ஐப்பசியில் மேல்மலையில் மழை விழுந்துவிட்டால் தை வரைக்கும் போக்குவரத்து கிடையாது. பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி எல்லாம் தண்ணீர் வடிகிறவரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாமல் போனவர்களின் பெயர் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

பாலத்துக்கு இதுவரை மூன்று அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மூன்றிலும் பெண்கள் துணி துவைக்கிறார்கள். நல்ல வழவழப்பான கல்.

போன வாரம் டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். ராணுவ டிப்போவில் கழித்துப் போட்ட சாமான்கள் ஏலம். பதினான்காவது அயிட்டம்: இரும்பு, கட்டுமானம், பலவகை, பழுது. கீழே பொடி எழுத்தில் உருப்படி விவரம். அதைப் படித்ததும் என்னை அறியாமல் "அட, இது பாலம்ல" என்று சொல்லிவிட்டேன். டீக்கடையில் ஏழு பேர் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 27

டிப்போவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நான், ராக்கம்மா, மைதீன். மைதீன் ரோட்டோரத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர், ஐம்பது வயது. எதையும் நம்பமாட்டார், ஆனால் எதையும் கழற்றிப் பார்ப்பார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாற்பது ஏக்கருக்குக் குறையாது. கேட்டைத் தாண்டியதும் ஜீப்புகள், கண் போகிற தூரம் வரைக்கும், எல்லாவற்றின் பானெட்டுக்குள்ளிருந்தும் ஆமணக்கு முளைத்திருக்கிறது. அப்புறம் பூட்ஸ். பூட்ஸ் ஒரு குன்று. ஆடு ஒன்று அதன் உச்சியில் நின்று எங்களைப் பார்த்தது. இரும்புத் தொப்பிகள் கவிழ்க்காமல் மல்லாக்கக் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர், தண்ணீரில் தலைப்பிரட்டை. ஆயிரம் தொப்பி என்றால் ஆயிரம் குளம். திறக்கவே படாத மரப்பெட்டிகள் கூரை உயரத்துக்கு. ஒன்று உடைந்து கிடந்தது. உள்ளே மெழுகுத்தாள் சுற்றிய திசைகாட்டிகள், ஒரு கீறல் கிடையாது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முள் படபடவென்று ஆடி வடக்கே போய் நின்றது. கழித்துவிட்டார்கள் என்று அதற்குத் தெரியாது.

பதினேழு வருடத்தில் ஒரு டம்ளர் குறைந்தால்கூட எழுத்தில் விளக்கம் கொடுத்தவன் நான். எனக்கு வந்தது கோபமா பிரமிப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள். "ஒரு சண்டையும் போடாம இம்புட்டு சாமான் செத்துப் போயிருக்கே" என்றாள்.

கடைசி மூலையில் பதினான்காவது அயிட்டம். பேனல்கள். பத்தடி நீளம், ஐந்தடி உயரம், நடுவில் வைரம் போலக் குறுக்குக் கம்பி. பின்னால் கேஸ் கட்டர் சத்தம். இரண்டு பேர் உட்கார்ந்து பேனலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பிலிருந்த சுபேதார், "வெட்டித்தான் குடுக்கணும்னு உத்தரவு. வெளிய போய் யாரும் திரும்ப உபயோகிச்சிரக் கூடாது" என்றார். மலையாளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். வெட்டச் சொல்லும் விதி ஆயுதத்துக்கும் அதன் பாகத்துக்கும்தான். கட்டுமானச் சாமானுக்கு அது வராது. விதி எண்ணைச் சொன்னேன், உட்பிரிவையும் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து கட்டரை நிறுத்தச் சொன்னார். அதற்குள் ஆறு போய்விட்டது. இருபத்தாறில் இருபதுதான் மிச்சம்.

"ஹவில்தார் சாப் ஸ்டோர்ல இருந்தீங்களா?" என்று சுபேதார் கேட்டார். மைதீனும் ராக்கம்மாவும் சற்றுத் தள்ளி நின்றார்கள். "பாலக் கம்பெனி" என்றேன்.

செப்டம்பர் 2

ஏலம் எங்கள் பேரில் முடிந்தது. ஊர் வரி போட்டார்கள். அந்தக் கணக்கெல்லாம் ராக்கம்மாவிடம் வேறு நோட்டில் இருக்கிறது. எனக்கு அது வேண்டாம்.

செப்டம்பர் 5

மூன்று லாரி. பேனல் 20, குறுக்கு விட்டம் 17, உருளை 3, பேனலைப் பேனலோடு பூட்டும் ஆணி 83. ஆணி 84 இருக்க வேண்டும்.

செப்டம்பர் 6

84-வது ஆணி கிடைத்தது. லாரி டிரைவர் தன் கதவுக் கொண்டிக்குப் போட்டிருந்தார். திட்டவில்லை. பார்த்தேன், கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 10

ஐந்து நாளாகத் துரு சுரண்டல். எனக்கு இது பிடித்த வேலை. பெண்கள் தேங்காய் நார், செங்கல் தூள், மண்ணெண்ணெய் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பச்சைப் பெயின்ட்டுக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழே மண் நிறம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பேனலில் இரும்பிலேயே அச்சு: 1944. எழுபத்தைந்து வருட இரும்பு. எந்த ஆற்றின் மேல் கிடந்ததோ, எத்தனை ஆயிரம் கால் அதன் மேல் போனதோ. ஆணித் துளை இன்னும் வட்டம் மாறவில்லை. சுண்டினால் வெண்கலம் போலச் சத்தம். நான் அதைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த பேய்க்காமன், ஒச்சம்மாளின் அண்ணன் மகன், இவருக்கென்ன பைத்தியமா என்பது போலப் பார்த்தான்.

பேனலைத் தூக்க ஆறு பேர். எடை இருநூற்று அறுபது கிலோ. முதல் நாள் ஆறு பேரும் ஆறு திசைக்கு இழுத்தார்கள். இன்று ஒரே மூச்சில் தூக்கி, ஒரே அடியாக எடுத்துவைத்து நடந்தார்கள். இத்தனை பெரிய இரும்பை மனிதத் தோள் அளவுக்கு என்று ஒருத்தன் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறான். கிரேன் வேண்டாம், ஆறு ஆள் போதும். அவன் யாராயிருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம்.

சாப்பாட்டு நேரத்தில் பேய்க்காமன் கேட்டான், "மாமா, பட்டாளத்துல மொத்தம் எத்தனை பாலம் கட்டியிருப்பீக?"

"கணக்கு வச்சுக்கல" என்றேன். பொய் இல்லை.

செப்டம்பர் 17

ரோட்டுப் பக்கப் பாறையில் உருளைக்கு மேடை போடுகிறோம். ஊர்ப் பக்கப் பாறையிலும் ஒன்று. இரண்டுக்கும் இடையில் கயிறு பிடித்து அளந்ததில் அறுபது அடி.

ஊர்ப் பக்கப் பாறையில் நான் நின்று வேலை சொல்வதில்லை என்று ராக்கம்மா கவனித்திருக்கிறாள். "நீங்க அந்தப் பக்கமே பாருங்க மச்சான், இதை நான் பாத்துக்கிறேன்" என்றாள். பிறகு சித்தாள்களிடம், நான் கேட்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு, "இந்தப் பாறையிலதான் ஒச்சம்மா அக்காவக் கட்டிலோட வச்சிருந்தோம். ஒன்றரை நாளு. ரோட்டுல ஆம்புலன்சு நிக்குது, லைட்டு எரியுது, எங்க கண்ணுக்குத் தெரியுது. தண்ணி வடியுறதுக்குள்ள அக்கா போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது வேறு விஷயம். கலெக்டர் ஆபீஸுக்கு அது தேவையில்லை.

சிமெண்ட் எட்டு மூட்டை செலவு.

செப்டம்பர் 22

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் நோட்டைக் கொடுக்க வேண்டும்.

என்னிடம் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைப் பட்டறையில் விரித்து மைதீனோடு உட்கார்ந்தேன். இந்தப் பாலத்தை ஆற்றில் இறங்கிக் கட்டுவதில்லை. முழுவதையும் கரையிலேயே உருளையின் மேல் பூட்டி, அப்படியே முன்னால் தள்ள வேண்டும். கீழே தூண் கிடையாது, சாரம் கிடையாது. வெறும் காற்றில் நீண்டுகொண்டே போய் அக்கரையைத் தொடும். நுனி கனத்தால் தலைகுப்புற விழும் என்பதால், முன்னால் 'மூக்கு' என்று லேசாக ஒரு பகுதியைப் பூட்டுவார்கள். பாலம் அக்கரை சேர்ந்ததும் மூக்கைக் கழற்றிவிடலாம். மூக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. டிப்போவில் ஆறு பேனல் வெட்டுப்பட்டதால் நம் மூக்கு குட்டை. கடைசிப் பத்தடியில் முன்பக்கம் கனத்துவிடும். பின்னால் வாலில் இரண்டேகால் டன் பாரம் வேண்டும்.

மைதீன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார், "தள்ளும்போது நுனி எம்புட்டுத் தொங்கும்ணே? நீங்க பாத்ததுல?"

நான் எண்ணெய் டப்பாவை நகர்த்தி வைத்தேன்.

"அண்ணே, ஒரு தடவையாச்சும் பாத்திருக்கீகளா?"

இல்லை என்றேன். சொல்லிவிட்டேன். பதினேழு வருடமும் நான் ஸ்டோர். பையன்கள் பயிற்சிக்குப் போகும்போது சாமான் வெளியே போகும், எண்ணுவேன். சாயங்காலம் சேற்றோடு திரும்பி வரும், எண்ணுவேன். கேம்ப்பிலிருந்து ஆறு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டின் எடையும் எனக்குத் தெரியும். அது எல்லாம் சேர்ந்து என்னவாக ஆகும் என்று பார்த்ததில்லை. லீவில் ஊருக்கு வந்தபோது 'பாலக் கம்பெனி' என்றேன், ஊர் 'பாலம் கட்டுறவர்' என்று எடுத்துக்கொண்டது. திருத்தவில்லை. முதல் வருடம் திருத்தவில்லை என்றால் பத்தாவது வருடம் எப்படித் திருத்துவது.

மைதீன் சிரிக்கவில்லை. "நான் டிராக்டர் வேலை பழகுனதே அடுத்தவன் டிராக்டர்லதான். அது இல்ல பிரச்சினை. ஆனா பாலத்து மேல ஏறப்போறவனுக்குத் தெரியணும்ணே. நீங்க சொல்லிருங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 25

சொல்லவில்லை.

செப்டம்பர் 29

வாலுக்குப் பாரம் என்ன வைப்பது என்று பேச்சு. மைதீன் பாறாங்கல் என்றார். நான் ஆள் என்றேன். பாலம் நகர நகரக் கல்லை ஏற்றி இறக்கி மாற்ற ஒரு நாள் போதாது, வெயிலில் ஆளும் ஒடிந்துபோவான். மனிதன் என்றால் தானே ஏறுவான், சொன்னால் நகருவான். எனக்கே என் யோசனை மிகவும் பிடித்திருந்தது.

புளி மண்டித் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொருவராக நிறுத்தோம். நாற்பத்திரண்டு பேர், 2,352 கிலோ. நெஞ்சில் சாக்பீஸால் நம்பர் போட்டேன். 17-ம் நம்பர் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து தன்னை மறுபடி நிறுக்கச் சொல்லி அடம்பிடித்தார். ஒண்ணேகால் கிலோ கூடியிருந்தது. வரவு வைத்துக்கொண்டேன்.

அம்மனை எப்போது கொண்டுவருவது என்று பூசாரி கோட்டைச்சாமி கேட்டார். ரோட்டுப் பக்கம் வேப்பமரத்தடியில்தான் ஒத்தக்கல் அம்மன் கோயில். பாலம் அக்கரையைத் தொட்டதும் ஆத்தா வந்து பார்க்க வேண்டும் என்பது ஊர் விருப்பம். பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. "பதினொரு மணிக்குச் சப்பரம்" என்று நானே திட்டத்தில் எழுதினேன்.

அக்டோபர் 6

பூட்டி முடித்தாகிவிட்டது. நூறடி இரும்பு ரோட்டோரத்தில் உருளையின் மேல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான்காவது உருளையை மைதீன் பழைய டிராக்டர் அச்சில் செய்து கொடுத்தார். அதுதான் மற்ற மூன்றைவிட நன்றாக உருளுகிறது.

சோதனைக்கு ஐந்தடி தள்ளினோம். பத்து டன். பன்னிரண்டு பேர் கை வைத்ததும் மாடு எழுந்து நகர்வது போல அமைதியாக நகர்ந்தது. நான் சர்க்கரை குறைவு என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 10

இன்று காலை எல்லோரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். நாளைக்கு நான் சொல்லித்தான் அவர்கள் ஏறப்போகிறார்கள். இதற்கு மேல் தள்ள முடியாது.

"நான் பாலம் கட்டுனதில்ல. ஸ்டோர்ல சாமான் எண்ணுனவன். பாலம் தள்ளுறத ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல. புத்தகத்தப் பாத்துத்தான் இவ்வளவும் செஞ்சிருக்கு" என்றேன்.

பேய்க்காமன் தன் நெஞ்சில் இன்று மறுபடி போட்டுவிட்ட சாக்பீஸ் நம்பரைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கு ராத்திரி உங்க கையப் புடிச்சுக் கேட்டேனே மாமா. நீங்க பாலம் கட்டுற ஆளுதான, கயித்தையாச்சும் கட்டி எதாச்சும் பண்ணுங்கன்னு கேட்டேனே. அத்தை கட்டில்ல கெடந்துச்சு. 'தண்ணி வேகம் கூட, இப்ப முடியாது'ன்னு அளந்து பாத்தவரு மாதிரி சொன்னீக" என்றான்.

ஆமாம், சொன்னேன்.

அவன் போய்விட்டான். அவனோடு இன்னும் நான்கு பேர். கணக்குப் போட்டேன்: முப்பத்தேழு பேர், 2,060 கிலோ. போதாது.

ராக்கம்மா எழுந்திருக்கவில்லை. அவள் எங்கே அடிப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒச்சம்மாளை வளர்த்த வீட்டில் வளர்ந்தவள். "எத்தனை வருசம் எண்ணுனீங்க?" என்றாள்.

"பதினேழு."

"ஒரு ஆணி கொறஞ்சா தெரிஞ்சிருமா?"

"தெரிஞ்சிரும்."

"நாளைக்குக் காலையில எல்லா ஆணியும் இருக்கான்னு எண்ணிச் சொல்லுங்க. ஏறுறோம்." பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "தராசு இங்கதான இருக்கு. யாரு யாரு வர்றீக?" என்றாள். ஆறு பேர் எழுந்தார்கள். அவளையும் சேர்த்து ஏழு.

மேல்மலையில் மேகம் கட்டுகிறது. இந்தப் பக்கத்தையும் கிழிக்க வேண்டாம். இருக்கட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

விடிந்ததும் ஆணி எண்ணினேன். 84. இரண்டாம் முறை எண்ணினேன். 84.

எட்டு மணிக்குத் தள்ள ஆரம்பித்தோம். பக்கத்துக்குப் பத்துப் பேர், நான் விசில். ஒரு விசிலுக்கு ஒரு சாண். மூக்கு பாறையைத் தாண்டி வெளியே போயிற்று. கீழே ஒன்றுமில்லை, ஆறுதான். நான் அதுவரை மனசுக்குள் ஒரு மூலையில் அது விழும் என்றே வைத்திருந்தேன் போலிருக்கிறது. பத்தடி போயிற்று. இருபதடி போயிற்று. இரும்பு ஒரு சத்தமும் போடவில்லை. மூக்கு நுனி லேசாகத் தலை வணங்கி, அதே வணக்கத்தோடு போய்க்கொண்டே இருந்தது. நடு ஆற்றின் மேலே ஒரு மீன்கொத்தி வந்து அதன் நுனியில் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் தள்ளத் தள்ள அதுவும் கூடவே போயிற்று.

இதைத்தானா நான் பதினேழு வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. அலமாரி எண், பெட்டி எண் என்று எழுதி அடுக்கியதெல்லாம் இப்படிக் காற்றில் நடக்கிற சாமானா. கையில் விசில் இருப்பதை மறந்து நின்றுவிட்டேன். மைதீன் வாலிலிருந்து, "அண்ணே, ஊதுங்க" என்று கத்தினார்.

நாற்பதடியைத் தாண்டியதும் ஆட்களை வாலில் ஏற்றினேன். பலகை போட்டு, நம்பர் வாரியாக, இடுப்பளவு உயரத்தில் நாற்பத்து நான்கு பேர். நின்றார்கள். கடைசிப் பலகையில் மைதீன் ஸ்பானரோடு.

நடுவில் உருளை ஒன்று சிக்கிக்கொண்டதில் ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. பதினொரு மணிக்கு மூக்கு அக்கரை உருளைக்கு நான்கடி தள்ளி நின்றது. அப்போது வேப்பமரப் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது.

சப்பரம் புறப்பட்டுவிட்டது. நான்தானே பதினொரு மணி என்று எழுதியவன்.

எங்கள் ஊரில் ஆத்தா வீதியில் வந்தால் அவளை விட உயரத்தில் யாரும் நிற்கக் கூடாது. மாடியில் இருப்பவர் இறங்கிவிட வேண்டும், மரத்தில் இருப்பவர் இறங்கிவிட வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், யோசிக்கிற வேலையே இல்லை. கொட்டுச் சத்தம் கேட்டதும் வாலில் நின்றவர்கள் அத்தனை பேரும் பொத்துப் பொத்தென்று கீழே குதித்துக் கைகூப்பி நின்றார்கள். ராக்கம்மாவும் குதித்தாள். நானே தரையில் நின்றபடி ஒரு கணம் கும்பிட்டேன். கல்லுக்குக் காது கிடையாது. கல் வைத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

மைதீன் ஒருவர்தான் மேலே நின்றார். அவரோடு சேர்ந்து வால் எழும்பியது. ஒரு சாண். முழங்கால் உயரம். அக்கரையில் மூக்கு அதே அளவுக்கு ஆற்றைப் பார்த்து இறங்கியது. மீன்கொத்தி பறந்துவிட்டது.

"ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருவரும் அசையவில்லை. சப்பரம் இருபது அடியில் நிற்கிறது. அவர்களுக்குப் பயம் பாலத்தின் மேல் இல்லை. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்து வாலின் அடிக்கம்பியைப் பிடித்துத் தொங்கினான். பேய்க்காமன். காலையிலிருந்து மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "தொங்குனா நிக்கிற கணக்குல வராதுடா, வாங்கடா" என்றான். அதில் எல்லோருக்கும் நியாயம் தெரிந்தது. பத்துப் பேர், இருபது பேர் ஓடிப்போய்த் தொங்கினார்கள். வால் நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை.

மேலே இருந்து மைதீன், "பூசாரி, எனக்குப் பயமாத்தான் இருக்கு. இங்க எடம் நிறையக் கெடக்கு. உங்க ஆத்தாவையும் கூட்டிட்டு வந்துருங்க" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை, கெஞ்சினார்.

கோட்டைச்சாமி கொட்டை நிறுத்தச் சொன்னார். சப்பரத்தைப் பார்த்தார். அக்கரையைப் பார்த்தார். அந்த மனிதர் வருடத்தில் நான்கு வார்த்தை பேசினால் அதிகம். "ஆத்தாவும் அக்கரைக்குத்தான் போகணும். ஏத்துங்க" என்றார்.

தொங்கியவர்கள் இழுத்துப் பிடிக்க, சப்பரம் தோள் தோளாக மாறி வாலின் மேல் ஏறியது. தேக்குச் சப்பரம், வெண்கல முகம், தூக்கிய எட்டுப் பேர், அவர்களோடு பூசாரி. ஆத்தா உச்சியில் உட்கார்ந்ததும் வேறு யாருக்கும் தடையில்லை. நாற்பத்து நான்கு பேரும் மறுபடி ஏறினார்கள். பேய்க்காமனும் ஏறினான். வால் மெதுவாக இறங்கி உருளையில் உட்கார்ந்தது. அக்கரையில் மூக்கு தலை நிமிர்ந்தது.

நான் விசிலை ஊதினேன். காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை சத்தம் வந்தது. ஒரு சாண். இன்னொரு சாண். ஆறாவது விசிலுக்கு அக்கரையில் 'டங்' என்று கேட்டது.

அத்தனை பேரும் அந்தச் சத்தம் அடங்குகிறவரை கேட்டுக்கொண்டு நின்றோம்.

அக்டோபர் 12

உடம்பெல்லாம் வலி. மைதீன் ஆட்களை வைத்துப் பாலத்தை முழுக்கத் தள்ளி, மூக்கைக் கழற்றி, இரண்டு பக்கமும் இறக்கி உட்காரவைத்தார். நான் கட்டிலில் இருந்தபடி ஆணிக் கணக்கு கேட்டு அனுப்பினேன். சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது.

அக்டோபர் 14

பலகை அடித்து முடிந்தது. மதியம் மூன்று மணிக்கு மேல்மலை தெரியவில்லை, மழை மறைத்துவிட்டது. நாலரைக்குத் தண்ணீர் வந்தது. சிவப்பாக, மரம் மட்டையோடு, கல்லெல்லாம் மூழ்கி, எப்போதும் போல. ஊர் முழுக்க ஊர்ப் பக்கப் பாறையில் நின்று பார்த்தது. பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு ஆள் உயரம் இருந்தது.

"முதல்ல நீங்க நடங்க மச்சான்" என்றாள் ராக்கம்மா.

இந்தப் பாறையில் நான் மூன்று வருடமாக நின்றதில்லை. பேய்க்காமன் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பலகை வரைக்கும் கொண்டுவிட்டான்.

நடந்தேன். கீழே அந்தச் சத்தம். அதே சத்தம்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரை நாள் கேட்ட சத்தம். காலடி எண்ணுவது என் பழக்கம், தன்னால் எண்ணிவிட்டது. ரோட்டில் கால் வைத்தபோது முப்பத்தொன்று.

என்னால் நம்ப முடியவில்லை. நடுவில் எங்கேயோ விட்டிருப்பேன் என்று திரும்பிப் பாறை வரைக்கும் நடந்து எண்ணினேன். முப்பத்தொன்றுதான்.

"என்ன மச்சான், எதாச்சும் கொறையுதா?" என்று ராக்கம்மா கேட்டாள்.

அவளிடம் சொன்னேன். "முப்பத்தோரு காலடிதான் ராக்கம்மா. உங்க அக்காவுக்கு இவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு."

அவள் பாலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கும் ஊருக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள்.